நெரிசலில் ஒரு ஊசி

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்ற விரும்புகிறவர் சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு ஒயிட்அவே லெய்ட்லா கடையின் தென்மேற்கு மூலைக்குப் போக வேண்டும். அங்கே இருக்கும் விளக்குக் கம்பத்தின் மேல் கை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். கல்கத்தா நாளிதழ் ஒன்றில் இப்படியொரு விளம்பரம் தொடர்ந்து வருகிறது. கொடுத்தவர் பெயர் இல்லை, கட்டணம் இல்லை, எந்த முள் என்ற விவரமும் இல்லை. சரதிந்து பந்த்யோபாத்யாய் 1932-இல் எழுதிய ‘பதேர் காண்டா’ கதையின் முடிச்சு இது. பியோம்கேஷ் பக்ஷி என்ற துப்பறிவாளர் அச்சேறிய முதல் கதையும் இதுவே. தொண்ணூறுகளில் தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னதும் வேட்டியும் ஜிப்பாவுமாக ரஜித் கபூர் முகம் வந்துவிடும்.

அந்தக் கடை இருந்த கட்டடம் இன்றும் இருக்கிறது. சௌரங்கி சாலையும் எஸ். என். பானர்ஜி சாலையும் சந்திக்கும் இடத்தில், குவிமாடமும் கடிகாரமும் வளைவு ஜன்னல்களுமாக, 1905-இல் கட்டியது. இப்போது மெட்ரோபாலிடன் பில்டிங் என்றால்தான் டாக்சிக்காரருக்குத் தெரியும். கடன் கிடையாது, ரொக்கம் வைத்தால்தான் சரக்கு என்பது அந்தக் கம்பெனியின் கொள்கை. அதனால் துரைமார்களே அதன் பெயரைத் திரித்து ‘ரைட்அவே அண்ட் பெய்ட்ஃபார்’ என்று கேலி செய்தார்களாம். சென்னை மவுண்ட் ரோட்டிலும் அவர்களுக்கு ஒரு கடை இருந்தது. பிறகு அது சுதேசமித்திரன் அலுவலகமாகி, விக்டரி ஹவுஸ் என்று பெயர் பெற்று, விஜிபி கைக்குப் போனது. அதன் வாசலில் பஸ்ஸுக்கு நின்ற தமிழர்களில் யாருக்காவது இந்த விளம்பரம் தெரிந்திருக்குமா?

கதையில் அங்கே போய் நிற்பவர் பியோம்கேஷின் நண்பர் அஜித். கம்பத்தில் கை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். சனிக்கிழமைக் கூட்டம் இடித்துக்கொண்டு போகிறது. யாரும் வந்து பேசவில்லை. சலித்துப்போய்த் திரும்பும்போதுதான் தெரிகிறது, சட்டைப் பைக்குள் ஒரு கடிதம். யார் வைத்தது, எப்போது வைத்தது, தெரியாது.

நானும் ஒரு டிசம்பர் சனிக்கிழமை ஐந்தரைக்கு அங்கே நின்றேன். எந்தக் கம்பம் என்ற சிக்கல் முதலில். விளக்கு, போக்குவரத்து சிக்னல், கேமரா, விளம்பரத் தட்டி என்று இப்போது ஏகப்பட்ட கம்பங்கள். தென்மேற்கை உத்தேசித்து ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். நியூ மார்க்கெட்டிலிருந்து பைகளோடு வருகிறவர்கள், கம்பளித் தொப்பி விற்பவர்கள், கதவில் தொங்கியபடி ஊர்ப்பெயர்களை மூச்சுவிடாமல் அடுக்கும் மினி பஸ் கண்டக்டர்கள். இரண்டு நிமிடம்கூட யாரும் உரசாமல் நிற்க முடியவில்லை. சரதிந்து இந்த மூலையைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை என்பது அங்கே நின்றால் புரிகிறது. நகரத்திலேயே ஒளிய வசதியான இடம் இதுதான்.

கதைகளில் வரும் கொலைகளைத் தேடிப் போகும் சுற்றுலா ஐரோப்பாவில் ஒரு தொழில். ஸ்வீடனின் தெற்குக் கரையில் இஸ்டாட் என்ற சின்ன ஊர். ஹென்னிங் மான்கெல் எழுதிய இன்ஸ்பெக்டர் வலாண்டர் அங்கேதான் வேலை பார்க்கிறார். அவர் குடியிருந்த மரியாகாத்தான் தெருவையும் காபி குடித்த கடையையும் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். ஸ்டாக்ஹோமில் ஸ்டீக் லார்சனின் நாவல் நடக்கும் தெருக்களைச் சுற்றிக்காட்ட நகர அருங்காட்சியகமே நடைப்பயணம் வைத்திருந்தது. அந்த எழுத்துகளில் பயம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் வெறுமையிலிருந்து. பனி மூடிய வயல், ஒற்றை வீடு, பிற்பகல் மூன்றரைக்கே கவியும் இருட்டு, அடுத்த வீட்டுக்காரர் அரைக் கிலோமீட்டர் தள்ளி.

கொல்கத்தாவில் அரை மீட்டர் தள்ளி ஆள் இருக்கிறார். வங்காளத் துப்பறியும் கதைகளின் முகவரிகளைத் தேடி அலைந்ததில் எனக்குத் திரும்பத் திரும்பப் பட்டது இதுதான். இந்த ஊர்க் குற்றவாளி ஆளரவமற்ற இடத்தைத் தேடிப் போவதில்லை, நெரிசலுக்குள் புகுந்துவிடுகிறான். ‘பதேர் காண்டா’வில் சாகிறவர்கள் எல்லாரும் நடுத்தெருவில், பட்டப்பகலில், நூறு பேர் பார்க்கச் சாகிறார்கள். சாலையைக் கடக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறார்கள். பிரேதப் பரிசோதனையில் இதயத்துக்குள் ஒரு கிராமபோன் ஊசி. துப்பாக்கிச் சத்தம் கேட்டவர் இல்லை. கதை வந்து தொண்ணூறு வருடம் தாண்டிவிட்டதால் குட்டை உடைத்தால் பாவமில்லை: சுட்டது சைக்கிள் மணி. மணிக்குள் ஒரு விசைக் கருவி. கல்கத்தாத் தெருவில் சைக்கிள் மணி அடித்தால் யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

இந்த இடத்தில் ஹௌராவுக்குப் போக வேண்டும். சென்னையிலிருந்து ஹௌரா மெயிலில் வருகிறவர்கள் எப்படியும் அங்கேதான் இறங்குகிறார்கள். 1905-இன் செங்கல் கட்டடம், எட்டு முகப்புக் கோபுரங்கள் என்று எண்ணத் தொடங்குவதற்குள் போர்ட்டர்கள் நம்மைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

1933 நவம்பர் 26 அன்று இந்த ஸ்டேஷனில் பாகுர் ஜமீன் குடும்பத்து இளைஞர் அமரேந்திர பாண்டே ரயிலேறக் காத்திருந்தார். பாகுர் இப்போது ஜார்க்கண்டில் இருக்கிறது. அவரை வழியனுப்ப அவருடைய மாற்றாந்தாய் வழி அண்ணன் பினயேந்திராவும் வந்திருந்தார். சொத்தில் பங்கு கேட்டதால் இருவருக்கும் நல்ல உறவில்லை. கூட்டத்தில் கதர் உடுத்திய குட்டையான ஒருவன் அமரேந்திராவை இடித்துக்கொண்டு போனான். கையில் சுருக்கென்றது. சட்டையை விலக்கிப் பார்த்தால் ஊசி குத்திய தடம். உறவினர்கள் பயந்துபோய், பயணத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்கலாம் என்றார்கள். அண்ணன் அதைப் பெரிதுபடுத்தாமல் ரயிலேறச் சொன்னார். அமரேந்திரா ஊருக்குப் போனார், காய்ச்சலோடு கல்கத்தா திரும்பினார், டிசம்பர் 4-ஆம் தேதி இறந்தார். ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது: பிளேக்.

கல்கத்தாவில் அப்போது பிளேக் கிடையாது. கிருமி பம்பாயிலிருந்து வந்திருந்தது. தாராநாத் பட்டாச்சார்யா என்ற டாக்டர், ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லிக்கொண்டு ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட்டை அணுகி, பிறகு ஆர்தர் ரோடு தொற்றுநோய் மருத்துவமனையில் கிருமி வளர்ப்புக்கு ஏற்பாடு செய்திருந்தார். பினயேந்திராவுக்கும் தாராநாத்துக்கும் முதலில் தூக்குத் தண்டனை. 1936-இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள்காலத் தீவாந்தர தண்டனையாகக் குறைத்தது.

ஒரு வருட இடைவெளி. முதலில் கதை, பிறகு கொலை. ஒன்றைப் பார்த்து மற்றதைச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டுக்கும் ஒரே சரக்குதான் தேவைப்பட்டது: ஒரு ஊசி, ஒரு நெரிசல். ஆளை இடித்துவிட்டு மன்னிப்புக்கூடக் கேட்காமல் போவது இயல்பாக இருக்கிற ஓர் ஊர். இஸ்டாட்டில் ஒருவன் இன்னொருவனை இடித்தால், அன்று இரவு இருவரும் அதை நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஹௌராவில் அந்தக் கொலையைச் சொல்லும் பலகை எதுவும் இல்லை. இருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. பலகை வைத்தால் அதைப் படிக்க நிற்பவரை நாலு பேர் இடிப்பார்கள்.

பாலத்தைக் கடந்து கிழக்கே வந்தால் லால்பஜார். காவல் தலைமையகத்தின் சிவப்புக் கட்டடம். இதன் பின்பக்கத்தில், நடந்தே போய்விடலாம், திரெட்டா பஜார் என்ற பழைய சீனக் குடியிருப்பு. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் போனால் போத்தார் கோர்ட் பக்கம் நடைபாதையிலேயே ஆவி பறக்கப் பாவும் மீன் உருண்டை சூப்பும் விற்பார்கள். எட்டரை மணிக்கு மேல் போனால் வெறும் பாத்திரத்தைத்தான் பார்க்கலாம். பியோம்கேஷும் அஜித்தும் முதலில் சந்தித்த மெஸ் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் எங்கோ இருந்திருக்க வேண்டும். ‘சத்யான்வேஷி’ கதையில் சரதிந்து தெருப்பெயர் தரவில்லை. ஒரு பக்கம் சீனர்கள், ஒரு பக்கம் குடிசைகள், பகலில் வியாபாரச் சந்தடி, இரவில் வேறு நடமாட்டம் என்று அக்கம்பக்கத்தைத்தான் வரைகிறார். அங்கே மாதத்துக்கு ஒரு கொலையாவது விழுகிறது. பின்னால் இருப்பது கொகேன் வியாபாரம். வெற்றிலையில் வைத்துக் கொகேன் தின்னும் பழக்கம் அந்நாள் கல்கத்தாவில் நிஜமாகவே பரவியிருந்தது, அது கற்பனையில்லை. மெஸ்ஸை நடத்துகிறவர் அனுகூல் பாபு என்ற சாதுவான ஹோமியோபதி டாக்டர். அவரிடம் பொய்ப்பெயர் சொல்லி இடம் கேட்டு வருகிறான் ஒரு வேலையற்ற இளைஞன். அறை காலியில்லை. அஜித் இரக்கப்பட்டுத் தன் அறையைப் பங்கு போட்டுக்கொள்கிறார். அவன்தான் பியோம்கேஷ்.

இப்படியொரு ஆரம்பம் ஏன் சாத்தியமாயிற்று என்பதற்கு மெஸ் என்ற ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிழக்கு வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் படிக்கவும் குமாஸ்தா வேலைக்கும் வந்த ஆண்கள் ஒரு வீட்டை எடுத்து, அறைக்கு இரண்டு மூன்று பேராகத் தங்கி, ஒரே சமையல்காரர் கையால் சாப்பிட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவனின் பூர்வீகத்துக்கு அவன் வாய்ச்சொல்லைத் தவிர அத்தாட்சி கிடையாது. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் இளமையைக் கழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஷெர்லக் ஹோம்ஸுக்கு வீட்டுக்கார அம்மாள் இருந்தார். பியோம்கேஷுக்குக் கிடைத்தது மெஸ்.

பிறகு அவர் குடியேறுவது ஹாரிசன் ரோட்டில், ஒரு வீட்டின் மேல்மாடியில். புட்டிராம் என்ற வேலையாள் டீ கொண்டுவருகிறான். சாலைக்கு இப்போது மகாத்மா காந்தி ரோடு என்று பெயர், மெட்ரோவில் இறங்கினால் அதே பெயரில் ஸ்டேஷன். காலேஜ் ஸ்ட்ரீட்டை நோக்கி நடந்தால் 66-ஆம் எண்ணில் பிரசிடென்சி போர்டிங் ஹவுஸ். 1917-இல் தொடங்கிய விடுதி. மாணவப் பருவத்தில் சரதிந்து இங்கே தங்கியிருந்தார், பியோம்கேஷின் வீடு இதைப் பார்த்து வரைந்ததுதான் என்று கொல்கத்தாக்காரர்கள் நம்புகிறார்கள். கவிஞர் ஜீவனானந்த தாஸும் இங்கே வாழ்ந்தவர். கீழே கடைகள், நடுவில் இருட்டான படிக்கட்டு, எங்கும் ஒயர்கள். அண்ணாந்து பார்த்தால் பச்சை மரச்சட்டக் கதவுகளும் காயும் துண்டுகளும். எதிர்ப்பக்கம் நின்று மேல்மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம், கல்யாணப் பத்திரிகை அச்சிடும் கடைக்காரர் தானாகவே கேட்டார்: “பியோம்கேஷா, தாதா?” ஆமாம் என்றேன். “வாரத்துக்கு ரெண்டு பேர் வருவாங்க. டிசம்பர்ல நாலு. கல்யாணப் பத்திரிகை யாரும் அடிக்கிறதில்லை.”

பசித்தால் பக்கத்திலேயே பவானி தத்தா லேன். அங்கே ஸ்வாதீன் பாரத் இந்து ஹோட்டல் 1927-லிருந்து நடக்கிறது. பிரசிடென்சி கல்லூரி மாணவராக இருந்தபோது சுபாஷ் சந்திர போஸ் சாப்பிட்ட இடம் என்று சொல்லிக்கொள்கிறார்கள், அவர் கல்லூரியில் இருந்ததோ 1910-களில். கணக்கு எனக்கு இடிக்கிறது. மீன் விஷயத்தில் அப்படி ஒரு சந்தேகமும் இல்லை. இவற்றுக்குப் பைஸ் ஹோட்டல் என்று பெயர். சோறு தனி, பருப்பு தனி, மீன் தனி, எலுமிச்சைத் துண்டு தனி, போடுகிற வாழையிலைக்கும் தனிக் காசு. பரிமாறுகிறவர் நாம் வாங்கியதை எல்லாம் மனசுக்குள்ளேயே கூட்டி, கல்லாவை நோக்கி ஒரே மூச்சில் கத்துவார். அந்த ஞாபகசக்திக்கு முன்னால் எந்தத் துப்பறிவாளரும் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

நிஜப் போலீஸின் கதை இதற்கெல்லாம் முன்னால் தொடங்குகிறது. காலேஜ் ஸ்ட்ரீட்டுக்குக் கிழக்கே ஆம்ஹர்ஸ்ட் ஸ்ட்ரீட், இப்போது ராஜா ராம்மோகன் சரணி. 1868 ஏப்ரல் முதல் தேதி விடிகாலை, இந்தத் தெருவில் கழுத்தறுபட்ட ஒரு பெண்ணின் உடலை ரோந்துக் காவலர் பார்த்தார். அவர் யார் என்று கண்டுபிடிப்பதே போலீசுக்குப் பெரும்பாடாக இருந்தது. ரோஸ் பிரவுன் என்று பிறகு தெரிந்தது. விசாரித்த ரிச்சர்ட் ரீட் பின்னாளில், 1887-இல், தன் வழக்குகளைப் புத்தகமாகவே எழுதினார். அந்தக் கொலை கிளப்பிய பரபரப்பில், அதே வருடம் கமிஷனர் ஸ்டூவர்ட் ஹாக் துப்பறியும் துறையை ஏற்படுத்தினார். அந்தத் துறையில் 1878-இல் சேர்ந்து முப்பத்துமூன்று வருடம் வேலை பார்த்த பிரியநாத் முகோபாத்யாய், 1892-லிருந்து ‘தாரோகர் தப்தர்’ என்ற பெயரில் மாதாமாதம் ஒரு வழக்கை எழுதி வெளியிட்டார். இருநூறுக்கும் மேற்பட்ட இதழ்கள். வங்காளிகளுக்குக் குற்றக்கதை ருசியை ஏற்படுத்தியதில் பெரும்பங்கு பணியிலிருந்த ஒரு போலீஸ்காரருக்கு. நம் ஊரில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் லண்டன் நாவல்களைத் தழுவி எழுதிக்கொண்டிருந்ததை இதோடு வைத்துப் பார்த்தால், வங்காளத் துப்பறிவாளனுக்கு ஏன் கதவிலக்கம் வரை உண்டு, நம்மவர்களுக்கு ஏன் ஊரே தெளிவாக இல்லை என்பது கொஞ்சம் விளங்குகிறது. தமிழ்வாணனின் சங்கர்லால் டீ குடிப்பது ஞாபகமிருக்கிறது, எந்தத் தெருவில் குடித்தார் என்பது இல்லை. சுஜாதா விதிவிலக்கு. கணேஷின் ஆபீஸுக்குத் தம்புச் செட்டித் தெருவைக் கொடுத்தார்.

ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ரோடு 113-இல் கொல்கத்தா போலீஸ் அருங்காட்சியகம். ஒரு காலத்தில் ராஜா ராம்மோகன் ராயின் வீடு. உடன்கட்டைக்கு எதிராகப் போராடியவர் வீட்டில் இப்போது கைத்துப்பாக்கிகள் அடுக்கியிருக்கிறார்கள். நான் அதிக நேரம் நின்றது ஒரு புத்தகத்தின் முன்னால். 1908-இல் மாஜிஸ்டிரேட் கிங்ஸ்ஃபோர்டைக் கொல்ல, சட்டப் புத்தகம் ஒன்றைக் குடைந்து, கோகோ டப்பாவில் வெடிமருந்து நிரப்பி உள்ளே வைத்து, புரட்சியாளர்கள் பார்சலாக அனுப்பினார்கள். தயாரித்தவர் ஹேமச்சந்திர கானுங்கோ. திறந்தால் வெடிக்கும். கிங்ஸ்ஃபோர்ட் அதைத் திறக்காமலே அலமாரியில் வைத்துவிட்டார். நீதிபதி படிக்காத புத்தகத்தால் உயிர் பிழைத்தார் என்பது எந்தக் கதாசிரியருக்கும் துணிந்து எழுத வராத திருப்பம்.

கைரேகை விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். உலகின் முதல் கைரேகைப் பதிவகம் 1897-இல் கல்கத்தாவில் தொடங்கியது. ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கைப் போட்டவர்கள் அஜீஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு சப் இன்ஸ்பெக்டர்கள். முறைக்கு ஒட்டிக்கொண்டது அவர்கள் அதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர். 1901-இல் ஹென்றி அதை ஸ்காட்லாந்து யார்டுக்குக் கொண்டுபோனார். இதுவும் கூட்டத்தின் பிரச்சினைக்குக் கண்ட விடைதான். அத்தனை லட்சம் பேரில் ஒருவனை எப்படிப் பிரித்தெடுப்பது?

அருங்காட்சியகத்திலிருந்து கார்பார் ரோடு நடக்கும் தூரம். எண் 100, சத்யஜித் ரேயின் தாத்தா உபேந்திரகிஷோர் கட்டிய வீடு. அச்சகமும் அதிலேயே. 1921-இல் ரே பிறந்தது இங்கே. பிறகு குடும்பம் நொடித்து வீடு கைமாறி, இப்போது பள்ளிக்கூடம். தன் துப்பறியும் கதைகளில் ரே இந்த வட்டாரத்தை லால்மோகன் கங்குலிக்குக் கொடுத்தார். ‘ஜடாயு’ என்ற புனைபெயரில் அபத்தமான மர்ம நாவல்களை எழுதித் தள்ளி, விற்ற காசில் பச்சை அம்பாசடர் வாங்கிய மனிதர். தான் பிறந்த பேட்டையில் ஒரு மசாலா எழுத்தாளரைக் குடிவைத்ததில் ரேயின் குறும்பு தெரிகிறது.

ரேயின் ஃபெலுடா முதலில் தோன்றியது 1965-இல், தாத்தா தொடங்கிய ‘சந்தேஷ்’ சிறுவர் பத்திரிகையில். ஸ்வீடனில் மார்ட்டின் பெக் வரிசையின் முதல் நாவல் வந்ததும் அதே ஆண்டு. அங்கே அலுத்துப்போன, வயிற்றுவலிக்காரப் போலீஸ் அதிகாரி. இங்கே சார்மினார் பிடிக்கும், யோகாசனம் செய்யும், எதைப் பற்றிக் கேட்டாலும் இரண்டு விஷயம் தெரிந்திருக்கும் இருபத்தேழு வயது அண்ணன். ஃபெலுடா தமிழிலும் வந்திருக்கிறார், வீ. பா. கணேசன் மொழிபெயர்ப்பில்.

கொல்கத்தாவில் ஃபெலுடாவுக்கான இடம் என்று எல்லாரும் கைகாட்டுவது பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டம். 1977-இல் வந்த ‘கோரஸ்தானே சாப்தான்’ இங்கே நடக்கிறது. புயலில் மரம் விழுகிறது, ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார், தாமஸ் காட்வின் என்பவரின் கல்லறையை யாரோ தோண்டியிருக்கிறார்கள். லக்னோ நவாப் பரிசளித்த பெரிகல் கடிகாரம் உள்ளே கிடக்கிறதா என்பதுதான் கேள்வி. காட்வின் கற்பனை, அவரைத் தேட வேண்டாம். மற்றவர்கள் நிஜம். 1767-இல் திறந்த தோட்டம். பார்க் ஸ்ட்ரீட்டுக்கே அப்போது இடுகாட்டுச் சாலை என்றுதான் பெயர். வெள்ளைக்காரர்களின் ஆயுள் இரண்டு மழைக்காலம் என்று அன்றைக்கு ஒரு சொலவடை. பிரமிடுகளும் தூபிகளும் மண்டபங்களுமாகப் பாசி பிடித்து நிற்கின்றன. எல்லாவற்றையும்விட உயரமான கூம்பு வில்லியம் ஜோன்ஸுக்கு. இருபத்திரண்டு வயதில் இறந்த கவிஞர் டெரோசியோ ஒரு மூலையில். இந்துவாகவே வாழ்ந்த மேஜர் ஜெனரல் சார்லஸ் ஸ்டூவர்ட்டுக்குக் கோயில் வடிவில் சமாதி. இருபது வயதில் போன ரோஸ் அய்ல்மரின் முறுக்குத் தூணில் லேண்டர் எழுதிய கவிதை.

இந்த நகரத்தில் நான் பார்த்தவற்றில் ஆளில்லாத இடம் இது ஒன்றுதான். ஸ்காண்டிநேவியக் கதைகளுக்கு நேரடியாகப் பொருந்தும். ரே அதைச் சரியாகவே பயன்படுத்தியிருக்கிறார். ஆனால் வெளிப்படையாகச் சொன்னால், ஃபெலுடா கதைகளில் எனக்குப் பயம் தந்தவை வேறு. இங்கே காதலர்கள் கல்லறைகளுக்கு இடையே உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பதாக நடித்துக்கொண்டிருந்தார்கள். காவலாளி டிக்கெட் கொடுத்தார். திகிலுக்கு அதற்கு மேல் வழியில்லை.

தமிழர்கள் கடைசியாகப் போக வேண்டிய இடம் லேக் மார்க்கெட். முதலிலேயே போனாலும் தப்பில்லை, இட்லி அங்கேதான் கிடைக்கும். ஃபெலுடாவின் முகவரி 21, ரஜனி சென் ரோடு. அவர் சந்தேகம் வந்தால் ஓடிப்போய்க் கேட்கும் நடமாடும் கலைக்களஞ்சியம் சித்து ஜ்யாட்டா வசிப்பது சர்தார் சங்கர் ரோடு. இரண்டும் லேக் மார்க்கெட்டை ஒட்டிய தெருக்கள். முதல் ஃபெலுடா கதையை எழுதியபோது ரே குடியிருந்த லேக் டெம்பிள் ரோடும் அதே பேட்டைதான். அங்கிருந்து 1970-இல்தான் அவர் பிஷப் லெஃப்ராய் ரோடு வீட்டுக்கு மாறினார். தன் வீட்டைச் சுற்றி நாலு தெருவுக்குள் கதாநாயகனை உலவவிட்டார். நூறு வருடமாக மயிலாப்பூரிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் கணக்கெழுத வந்த குடும்பங்கள் வீடு பிடித்ததும் இதே நாலு தெருவில். தொடுத்த மல்லிகை, கறிவேப்பிலை, நேந்திரம் சிப்ஸ், அரைத்துத் தரும் காபிப்பொடி எல்லாம் இங்கே உண்டு. ஃபெலுடா கதவைத் திறந்து வெளியே வந்தால் முதலில் மூக்கில் ஏறியிருப்பது டிகாக்ஷன் வாசனைதான் என்று நான் பந்தயம் கட்டத் தயார். ரே அதை எங்கும் எழுதக் காணோம்.

காபிப்பொடிக் கடையில் நின்றிருந்த ஒரு வயதான மாமியிடம் ரஜனி சென் ரோட்டுக்கு வழி கேட்டேன். “ஃபெலுடா ஆத்துக்கா?” என்றார் உடனே. “எம் பசங்க ரெண்டு பேரும் பெங்காலிலதான் படிச்சா. பூஜா லீவு விட்டா ஃபெலுடா வர்ற ‘தேஷ்’ பூஜா மலருக்கு அடிச்சுப்பா. தீபாவளி மலர் தபால்ல வரும், அதை நான் மட்டும் படிப்பேன்.” வழியையும் சொன்னார், வங்காளியில், கடைப்பையனிடம், அவன் எனக்கு இந்தியில் சொன்னான்.

ரஜனி சென் ரோடு மரங்கள் உள்ள அமைதியான தெரு. பழைய இரண்டு மாடி வீடுகள், நடுநடுவே இடித்துக் கட்டிய அடுக்ககங்கள். இஸ்திரி வண்டிக்காரர் அந்த எண்ணே தெருவில் கிடையாது என்றார். அவரிடம் துணி கொடுக்க வந்தவர், இருந்தது, பில்டர் இடித்துவிட்டான் என்றார். யார் வீட்டு மணியையும் அடிக்காமல் நகர்ந்துவிட்டேன். மனிதர்கள் குடியிருக்கும் தெரு.

கிழக்கே கொஞ்சம் நடந்தால் கேயாதலா. ஹாரிசன் ரோட்டை விட்டு பியோம்கேஷ் கடைசியில் வீடு கட்டிக்கொண்டு வருவது இங்கே. மனைவி சத்யவதியும் அஜித்தும் கூடவே. அறுபதுகளின் கடைசியில் சரதிந்து அஜித்தைக் கதைசொல்லி வேலையிலிருந்தே எடுத்துவிட்டு, நேரடியாகத் தானே சொல்லத் தொடங்கினார். பம்பாய் டாக்கீஸில் கதை எழுதப் போய், பூனாவில் வீடு கட்டி, அங்கிருந்தபடியே இந்தத் தெருக்களை எழுதிக்கொண்டிருந்தவர் அவர். 1970 செப்டம்பரில் இறந்தபோது ‘பிஷுபால் வத்’ பாதியில் நின்றது. நாடக மேடையில், விளக்கணைந்த சில விநாடிகளில், அரங்கு நிறைந்த ஜனத்துக்கு முன்னால் ஒரு நடிகர் சாகிறார். மறுபடியும் நெரிசல். கொன்றவன் யார் என்று சரதிந்து சொல்லவில்லை. பிறகு வேறொருவர் முடித்துவைத்தார், 2022-இல் அரிந்தம் ஷீல் படமாகவும் எடுத்தார், வாசகர்கள் எதையும் ஏற்கவில்லை.

சதர்ன் அவென்யூ முனையில் டீக்கடை. மண் குவளையில் டீ. பெஞ்சில் ஓய்வுபெற்ற நாலு பேர். பியோம்கேஷும் ஃபெலுடாவும் ஐந்து வருடம் ஒரே பேட்டையில் இருந்திருக்கிறார்களே, ஒருமுறையாவது சந்தித்திருக்க மாட்டார்களா என்று நான் கேட்டது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. மங்கி கேப் அணிந்தவர் சொன்னார்: “பிஷுபால் கேஸை பியோம்கேஷ் முடிக்க முடியாமப் போச்சு. பத்து நிமிஷ நடை. ஃபெலுடாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

பக்கத்தில் இருந்தவர் குவளையை உடைத்துப் போட்டுவிட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “அந்த வருஷம் பூஜாவுக்கு ஃபெலுடா எங்கே இருந்தான்? கேங்டாக். ‘தேஷ்’ பூஜா மலரை எடுத்துப் பாரு.”